ஊசி முனை நிற்கும் இடம்

என் மனைவியின் ஈரலில் இருந்த கட்டிக்குப் பதினான்கு மில்லிமீட்டர் என்று ஸ்கேன் அறிக்கையில் போட்டிருந்தது. மாட்டுப்பட்டி அணையில் நீர்மட்டம் பார்த்து எழுதும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே மில்லிமீட்டருக்கு மதிப்புக் கிடையாது. சின்னக் காற்றடித்தாலே அலை அதைவிட உயரமாக எழும்பும். அதனால் பதினான்கு மில்லிமீட்டர் என்பது கண்ணுக்கு எவ்வளவு என்று எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. சமையலறையில் போய் ஸ்கேலை வைத்து ஒவ்வொன்றாக அளந்து பார்த்தேன். மொச்சைக்கொட்டை பெரிதாக இருந்தது. துவரம்பருப்பு சிறிது. நிலக்கடலையில் ஒன்று சரியாக வந்தது.

அவள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“ஏனுங்க, கடலைய அளந்துதான் திங்கோணுமா?”

“சும்மா பாத்தேன்.”

“அளந்து தின்னாச் செரிக்குமாட்ட இருக்குது” என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் வந்தாள். ஸ்கேலுக்குப் பக்கத்தில் தனியாகக் கிடந்த அந்த ஒரு கடலையைப் பார்த்தாள். அதற்கு மேல் கேலி செய்யவில்லை. கடலையை எடுத்து டப்பாவில் போட்டு மூடியைத் திருகி வைத்தாள்.

நாங்கள் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தென்னையும் கொஞ்சம் நெல்லும் வைத்திருக்கிற குடும்பம். பணியிலிருந்த காலமெல்லாம் மலையில் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகுதான் ஊருக்கு வந்து சேர்ந்தோம். வந்த சில ஆண்டுகளில் அவளுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று கண்டுபிடித்து அறுவை சிகிச்சை செய்தார்கள். நல்லபடியாகத் தேறினாள். ஆனாலும் குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். அப்படி எடுத்த ஒரு ஸ்கேனில்தான் ஈரலின் மேல்நுனியில் ஒரு புள்ளி தெரிந்தது. அப்போது அது ஒன்பது மில்லிமீட்டர்.

பழைய நோய் அங்கே போய் முளைத்திருக்கிறதா, இல்லை வேறு ஏதாவது சாதாரணக் கட்டியா என்பதைப் படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஊசியை உள்ளே விட்டு ஒரு துணுக்குச் சதையை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். முதல் தடவை வேறொரு ஆஸ்பத்திரியில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தபடியே எடுத்தார்கள். அறிக்கையில் ‘சாதாரண ஈரல்’ என்று வந்தது. அன்று வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். குமுளியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் வீட்டில் வாழ்க்கைப்பட்ட என் கொழுந்தியாளுக்குப் போன் போட்டுச் சொன்னோம். அவள் போனிலேயே அழுதாள். என் மனைவி பாயசம் வைத்தாள். பக்கத்து வீடுகள் நான்கிற்கும் கொடுத்தனுப்பினாள். நான் இரண்டு டம்ளர் குடித்தேன். எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அடுத்த ஸ்கேன் வரை நாங்கள் மிகவும் சந்தோஷமாக இருந்தோம். அவள் பழைய மாதிரி அதட்டினாள், பழைய மாதிரி தூங்கினாள்.

அடுத்த ஸ்கேனில் புள்ளி பதினான்காக வளர்ந்திருந்தது.

சாதாரண ஈரல் வளர்ந்து கட்டியாகாது. அறிக்கை பொய் சொல்லவில்லை. ஊசி எடுத்த சதை சாதாரண ஈரல்தான். ஊசி கட்டிக்குள் போகவில்லை, பக்கத்தில் போய்விட்டது, அவ்வளவுதான். இதை எங்களுக்கு விளக்கியவர், பாலக்காட்டிலிருந்து வாளையாறு போகும் பெருவழியில் உள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஸ்கேன் டாக்டர் அம்மா. மலையாளி. எங்களோடு தமிழில் பேசினார். கட்டி இருக்கும் இடம் சங்கடமான இடம் என்றார். ஈரலின் உச்சி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசைக்கு நேர் கீழே. மேலே நுரையீரலின் காற்று, முன்னால் விலா எலும்பு. அல்ட்ராசவுண்டில் அந்த இடம் சரியாகத் தெரியாது. போதாததற்கு, மூச்சு இழுக்கும்போதெல்லாம் ஈரல் கீழே இறங்கும், விடும்போது மேலே ஏறும்.

“எவ்வளவு இறங்கும்?” என்று கேட்டேன்.

“ஆளுக்கு ஆள் மாறும் சாரே. ரெண்டு விரல் அளவு இறங்கலாம்.”

இரண்டு விரல் ஏறி இறங்குகிற ஒன்றில் ஒரு நிலக்கடலையை ஊசியால் குத்த வேண்டும். வீடு வரும்வரை இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். என் மனைவி சொன்னது வேறு. காரில் ஏறி உட்கார்ந்ததும், முன்னால் பார்த்தபடி சொன்னாள்.

“இன்னொருக்காக் குத்தறாங்களாமா? சரி. ஆனா இதுதானுங்க கடைசி. இதுலயும் தெரியலீன்னா உட்ருங்க. அதுக்குப் பொறவு ஆரு சொன்னாலும் நான் போயிப் படுக்க மாட்டேன்.”

அவள் சொன்னால் சொன்னதுதான். நாற்பத்தாறு வருடக் குடித்தனத்தில் அவள் ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்கியதாக எனக்கு நினைவில்லை. ஊசி இந்தத் தடவையும் தவறினால், அது என்ன கட்டி என்று தெரியாமலே அவள் வீட்டில் இருப்பாள். எந்த மருந்து கொடுப்பது, கொடுக்கலாமா வேண்டாமா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது.

ஊசி போடும் முறையை டாக்டர் அம்மா எனக்கு ஒரு தாளில் படம் போட்டே காட்டினார். முதலில் நோயாளியின் தோலில் சின்னச் சின்ன ஸ்டிக்கர்கள் ஒட்டி சிடி ஸ்கேன் எடுப்பார்கள். பிறகு ஒரு தட்டையான பெட்டியை உடம்புக்குப் பக்கத்தில் ஒரு தாங்குகோலில் மாட்டி நிறுத்துவார்கள். கேரம் போர்டில் பாதி அளவு இருக்கும். அதிலிருந்து மெல்லிய காந்தப் புலம் எழும். உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஊசியின் முனைக்குள் தலைமுடியைவிட மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. ஸ்டிக்கர்களிலும் அப்படியே. காந்தப் புலத்தில் அந்தச் சுருள் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, ஏற்கெனவே எடுத்த ஸ்கேன் படத்தின் மேல் ஊசியை ஒரு பச்சைக் கோடாகக் காட்டும். ஊசி உள்ளே போகப் போகக் கோடும் போகும். கண்ணால் பார்க்க முடியாத முனை, திரையில் தெரியும்.

“காந்தம்னா இரும்பு பக்கத்துல இருந்தா இழுக்குமே” என்றேன்.

“இழுக்கிற அளவு பலமில்லை. ஆனா இரும்பு பக்கத்துல வந்தா புலம் வளையும். வளைஞ்சா கணக்குத் தப்பும். முனை ஒரு இடத்துல இருக்கும், படம் இன்னொரு இடத்துல காட்டும்.”

“தப்புன்னு எப்படித் தெரியும்?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “தெரிஞ்ச இடத்துல முதல்ல தொட்டுப் பார்ப்போம். ஸ்டிக்கர் மேல ஊசி முனையை வைப்போம். படத்துலயும் ஸ்டிக்கர் மேல நின்னா நம்பலாம்.”

இது எனக்குப் புரிந்தது. அணையில் அளவுகோலை நம்புவதற்கு முன் கல்லில் வெட்டிய அடையாளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கணக்கில் நான் செய்த வேலை அது. அந்த அம்மாள் மீது எனக்கு நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான்.

குறித்த நாளுக்கு முதல் நாள் சாயங்காலம் கொழுந்தியாள் வந்து சேர்ந்தாள். குமுளியில் பஸ் ஏறி, கம்பத்துக்கு இறங்கி, பழனி, பொள்ளாச்சி என்று மாறி மாறி வந்திருந்தாள். அவள் வந்தால் வீட்டில் பேச்சு கூடும். என் மனைவிக்கு இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது காதில் மெஷின் வைத்தால்தான் கேட்கும். தங்கை அந்தக் காதுப் பக்கமாகவே உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் உடை மாற்றும் அறைக்கு அக்காவோடு அவள் போனாள். நான் வெளியே நின்றேன். நர்ஸ், உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்று இரண்டு மொழியிலும் சொன்னது கதவுக்கு வெளியே கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு கைக்குட்டை முடிச்சு என் கைக்கு வந்தது. பிரித்து எண்ணினேன். தாலிக்கொடி ஒன்று, வளையல் நான்கு, தோடு இரண்டு, மூக்குத்தி ஒன்று, மெட்டி இரண்டு, காது மெஷின் ஒன்று. மொத்தம் பதினொன்று. கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது என்று, கொடிக்குப் பதிலாக மஞ்சள் தடவிய நூலில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிப் போட்டு விட்டிருந்தாள் கொழுந்தியாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் ஆபரேஷனுக்குப் போகும்போது அப்படித்தான் போவார்கள்.

“இது எந்தா?” என்று நர்ஸ் நூலைக் காட்டிக் கேட்டாள்.

“மஞ்சளும் நூலுந்தான் சிஸ்டர். தங்கமில்ல” என்றாள் கொழுந்தியாள்.

நர்ஸ் நூலைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, தள்ளுகட்டிலை உள்ளே கொண்டுபோனாள்.

சற்று நேரத்தில் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். ஸ்கேன் படம் கலங்கிப் போயிருந்தது. ‘மூச்சை விட்டு நிறுத்துங்க’ என்று ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கிறார்கள். காது மெஷின் என் கைக்குட்டையில் இருந்தது. அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

“காதுல மாட்டிவிட்டாக் கேக்குமே” என்றேன்.

“அதுக்குள்ள காந்தம் இருக்கு சாரே. வேண்டாம்” என்றார் டாக்டர் அம்மா. “உங்க கையைப் பிடிச்சா அம்மைக்குப் புரியுமா?”

புரியும் என்றேன். என் சட்டைப்பையைக் காலி செய்யச் சொன்னார்கள். கடிகாரம், போன், சாவிக்கொத்து, பேனா, கண்ணாடி. கண்ணாடியின் சட்டம் பிளாஸ்டிக் என்று பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். ஈயக் கோட்டு ஒன்றை மாட்டிவிட்டார்கள். அவள் தலைமாட்டில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவளுடைய வலது கை தலைக்கு மேலே நீட்டி வைக்கப்பட்டிருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். வலது விலாப் பக்கம் திறந்திருந்தது. அதில் ஆறு ஸ்டிக்கர்கள்.

முகத்துக்கு நேரே குனிந்து சைகையால் சொன்னேன். உள்ளங்கையை ஒருமுறை அழுத்தினால் மூச்சை விட்டுவிட்டு அப்படியே நிறுத்த வேண்டும். நிறுத்தியிருக்கும் வரை விரலால் தட்டி எண்ணுவேன். கையை விரித்தால் மூச்சு விடலாம். இரண்டு முறை பழகிப் பார்த்தோம். பதினைந்து தட்டு வரை அவளால் நிற்க முடிந்தது. படம் மறுபடி எடுத்தார்கள். தெளிவாக வந்தது. கட்டி திரையில் கறுப்பு வட்டமாகத் தெரிந்தது. நான் முதல் தடவையாக அதை நேரில் பார்த்தேன்.

பிறகு ஈயக் கோட்டைக் கழற்றினார்கள். இனிமேல் எக்ஸ்ரே இல்லை என்றார்கள். அவள் மேல் பச்சைத் துணி விரித்து, விலாப் பக்கம் மட்டும் ஒரு ஜன்னல் விட்டார்கள். மரப்பு ஊசி போட்டார்கள். காந்தப் பெட்டியைக் கிட்டே கொண்டுவந்தார்கள். டாக்டர் அம்மா நீண்ட ஊசியை எடுத்து, முனையை முதல் ஸ்டிக்கர் மேல் வைத்தார்.

திரையில் பச்சைக் கோட்டின் நுனி ஸ்டிக்கர் மேல் நிற்கவில்லை. தோலுக்கு வெளியே, காற்றில் நின்றது.

இரண்டாவது ஸ்டிக்கரில் வைத்தார். அது தோலுக்கு உள்ளே இறங்கி நின்றது. ஏழு மில்லிமீட்டர் தப்பு என்று கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருந்த டெக்னீஷியன் சொன்னான். பதினான்கு மில்லிமீட்டர் கட்டிக்கு ஏழு மில்லிமீட்டர் தப்பு என்றால், நடுவில் குறிவைத்த ஊசி விளிம்பில் போய் நிற்கும். போன தடவை போலவே இந்தத் தடவையும் சாதாரண ஈரல் வரும்.

இரும்பைத் தேடினார்கள். முதல் சந்தேகம் என் ஸ்டூல் மேல். அது எஃகு. எடுத்துவிட்டு, வரவேற்பறையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். தப்பு மாறவில்லை. குளுக்கோஸ் ஸ்டாண்டைத் தள்ளினார்கள். கருவி வைக்கும் தட்டைத் தள்ளினார்கள். என்னையும் சுவர் ஓரம் போய் நிற்கச் சொன்னார்கள். போய் நின்றேன். நின்றபடி என் உடம்பில் என்னென்ன உலோகம் இருக்கலாம் என்று யோசித்தேன். பல்லில் ஒரு குழி அடைத்திருக்கிறது. வேட்டியில் ஒன்றுமில்லை. சட்டைப் பொத்தான் பிளாஸ்டிக். முதல் ஸ்டிக்கரில் மறுபடி தொட்டார்கள். இப்போது வேறு பக்கமாகத் தப்பியது.

“நிலையா இல்லை. மாறிக்கிட்டே இருக்கு” என்றார் டாக்டர் அம்மா. அதை அவர் சொன்ன விதத்தில் எனக்குப் பயம் கூடியது. “சாரே, இது சரியாகலேன்னா இன்னிக்கு ஊசி வேண்டாம். தெரியாம குத்தறதுக்குப் பதிலா இன்னொரு நாள் பார்க்கலாம்.”

இன்னொரு நாள் கிடையாது என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். படுத்திருந்தவளுக்கும் தெரியும், ஆனால் அங்கே பேசுவது எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை.

மாறிக்கொண்டே இருக்கிறது என்றால் அசைகிற ஒன்றில் இருக்க வேண்டும். ஸ்டாண்டு அசையவில்லை. கட்டில் அசையவில்லை. சுவரோரமிருந்து அவளைப் பார்த்தேன். பச்சைத் துணிக்கு அடியில், வயிற்றுக்கு மேலே ஒரு சின்ன மேடு இருந்தது. அது மெதுவாக நகர்ந்தது. அவளுடைய இடது கை.

அவளுக்குப் பயம் வந்தால் இடது கை தாலியைப் பிடிக்கும். மாட்டுப்பட்டியில் இருந்தபோது மலைப்பாதையில் பஸ் வளைவு திரும்பும்போதெல்லாம் பிடிப்பாள். இப்போதும், ஸ்கேன் முடிந்ததும் தோளுக்குப் பின்னாலிருந்த நூலை இழுத்து முன்னால் கொண்டுவந்து, மஞ்சளைக் கைக்குள் வைத்து மூடியிருக்கிறாள்.

“துணியைத் தொடாதீங்க சாரே” என்றார் டாக்டர் அம்மா, நான் கிட்டே போனதும்.

“மேல தொடலீங்க. அடியில கைய விடறேன். நூல்ல என்னமோ இருக்குது.”

இடப்பக்கம் துணியின் ஓரத்தை நர்ஸ் தூக்கிப் பிடித்தாள். கையை விட்டு அவள் கைமுட்டியைத் தொட்டேன். மூடியிருந்தது. விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன். அவள் விடவில்லை. முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கண் பெரிதாகியிருந்தது. புருஷனே வந்து, படுத்திருக்கிறவளின் கழுத்து நூலைக் கேட்டால் அவள் என்ன நினைப்பாள்? காதில் மெஷின் இருந்தால் இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுவேன். என் கழுத்தைத் தொட்டுக் காட்டி, வேண்டாம், அது வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவளுக்குப் புரியவில்லை. கைமுட்டி இன்னும் இறுகியது. கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது.

வலுக்கட்டாயம் செய்வதில்லை என்று முடிவு செய்து, அவள் மூடிய கையின் மேலேயே என் கையை வைத்துக்கொண்டு நின்றேன். விரல் இடுக்கில் தடவியபோது ஏதோ மெல்லிய கம்பி தட்டுப்பட்டது. ஊக்கு. சேலைக்குக் குத்துகிற சாதாரண ஊக்கு. என் கட்டைவிரலால் அதன் தலையை நசுக்கித் திறந்து, நூலிலிருந்து உருவி, அவள் கண்ணுக்கு நேரே காட்டினேன். பிறகு மஞ்சளோடு சேர்த்து அவள் கைமுட்டியை அழுத்தினேன். இது உன்னிடமே இருக்கட்டும் என்று.

அப்போதுதான் கையைத் திறந்தாள். அதற்குள் இன்னொரு ஊக்கும் இருந்தது. அதையும் எடுத்தேன். நூலை நர்ஸ் மறுபடி தோளுக்கு மேலே ஏற்றி வைத்தாள். மஞ்சள் அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் கிடந்தது.

ஊசி முனையை முதல் ஸ்டிக்கரில் வைத்தார்கள். திரையிலும் ஸ்டிக்கர் மேல் நின்றது. ஆறு ஸ்டிக்கரிலும் தொட்டுப் பார்த்தார்கள். தப்பு ஒரு மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. நான் போய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவளுடைய வலது கையைப் பிடித்தேன்.

“சாரே, இனி நீங்கதான்” என்றார் டாக்டர் அம்மா.

உள்ளங்கையை அழுத்தினேன். அவள் மூச்சை விட்டு நிறுத்தினாள். தட்ட ஆரம்பித்தேன். ஊசி தோலைத் தாண்டியது. ஆறில் நிறுத்தி, கையை விரித்தேன், மூச்சு விட்டாள். மறுபடி. ஊசி விலா எலும்புக்கு மேலாக நுழைந்து ஈரலின் விளிம்பைத் தொட்டது. மறுபடி விட்டாள். கடைசிப் பகுதியை ஒரே மூச்சில் போய்விட வேண்டும், நிறுத்தக் கூடாது என்றார். அழுத்தினேன். தட்டினேன். பச்சைக் கோடு கறுப்பு வட்டத்தை நோக்கி மெதுவாகப் போனது. அதற்குப் பிறகு நான் பார்த்தது திரையை மட்டும்தான். கோட்டின் நுனி வட்டத்தின் ஓரத்தைத் தொட்டது. உள்ளே போனது. நடுவில் போய் நின்றது.

“மதி” என்றார் டாக்டர் அம்மா, போதும் என்று மலையாளத்தில். கையை விரித்தேன். அவள் பெருமூச்சு விட்டதில் துணி முழுக்க அசைந்தது.

சுருள் இருந்த உள்கம்பியை உருவிவிட்டு, உள்ளேயே நின்ற அதன் வெளிக்குழாய் வழியாகச் சதை வெட்டும் ஊசியை விட்டார்கள். ஸ்டேப்ளர் அடிப்பது போல ஒரு சத்தம். மூன்று முறை. மூன்று வெள்ளை நூல் துணுக்குகள் மருந்துப் புட்டியில் மிதந்தன. வெந்த சேமியா போல இருந்தன. அதற்குள் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதே எனக்கு அன்று ஆறுதலாக இருந்தது.

வெளியே வந்ததும் கொழுந்தியாளிடம் உள்ளங்கையை விரித்து இரண்டு ஊக்கையும் காட்டினேன்.

“இது உன்ற வேலையா, அம்மிணி?”

“ஆமாங்க மாமா. வெறும் நூலோட எப்படி அனுப்பறது? சீக்காளி கிட்ட இரும்புன்னு ஒண்ணு இருக்கோணுமில்ல. கத்தியா வெச்சு உட முடியும்? அதான் ஊக்கு.”

“சிஸ்டர் கேட்டப்ப மஞ்சளும் நூலும்னு சொன்ன.”

“அவங்க தங்கத்தக் கேக்கறாங்கன்னு நெனச்சேன். ஊக்கெல்லாம் ஒரு சாமானுங்களா?”

உள்ளே நடந்ததைச் சொன்னேன். காந்தம் வளைந்தது, முனை காற்றில் நின்றது, திருப்பி அனுப்பப் பார்த்தது எல்லாம். அவள் கேட்கக் கேட்க முகம் சுருங்கியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவளால் அடக்க முடியவில்லை.

“இரும்பக் கண்டாப் பேய்தான் ஓடும்னாங்க. ஆனையாட்ட மிஷின வெச்சுருக்கறாங்க, அதுவுமா பயப்படுது?”

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள், அழுதுகொண்டே. ஊக்குகளைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, பதினொரு சாமானும் சரியாக இருக்கிறதா என்று மறுபடி எண்ணினேன்.

அறிக்கை வாங்க நான் தனியாகப் போனேன். பஸ்ஸில் போனேன். டாக்டர் அம்மா என்னை உட்கார வைத்துச் சொன்னார். ஊசி சரியான இடத்தில்தான் எடுத்திருக்கிறது. மூன்று துணுக்கிலும் இருக்கிறது. பழைய நோய்தான். குடலிலிருந்து வந்தது.

நல்ல சேதி வரும் என்ற நினைப்பில்தான் நான் போயிருந்தேன். முனை நடுவில் போய் நின்றதை என் கண்ணால் பார்த்தவன் நான். அந்த நேரத்தில் என் மனத்தில் வந்தது சந்தோஷம். நோய் இருக்குமா இருக்காதா என்பதே அப்போது நினைப்பில் இல்லை; குறி தப்பவில்லை என்பதுதான். போன தடவை குறி தப்பியதால் எங்களுக்குச் சில மாதம் சந்தோஷம் கிடைத்தது. இந்தத் தடவை தப்பாததால் கிடைத்தது இந்தத் தாள். எது நல்லது என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். அளவு தப்பாக இருந்தால் அணையில் கதவை எப்போது திறப்பது என்று தெரியாது. தண்ணீர் அதற்காகக் காத்திருக்காது. இது எனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் அந்தப் பாயசம் வைத்த நாளை யாராவது என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள வந்தால் நான் கொடுக்க மாட்டேன்.

டாக்டர் அம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தார். கட்டி ஒன்றுதான், வேறெங்கும் இல்லை. சிறியது. இதே முறையில் இன்னொரு ஊசியைக் கட்டியின் நடுவில் நிறுத்தி, முனையைச் சூடாக்கி அதைச் சுட்டுவிடலாம். வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. இடம் இவ்வளவு சரியாகத் தெரிந்த பிறகு செய்யாமல் விடக் கூடாது என்றார். பிறகு மாத்திரையோ மருந்தோ தேவையா என்று புற்றுநோய் டாக்டர் பார்த்துச் சொல்வார்.

காது கேளாதவளிடம் மெல்லச் சொல்ல முடியாது என்பது ஒரு கொடுமை. வீட்டில் கொழுந்தியாள் இருந்தாள், தென்னைக்கு மருந்து வைக்க வந்த ஆள் இருந்தான். நான் வந்த முகத்தைப் பார்த்ததும் அவளே எழுந்து வந்தாள். தோட்டத்துப் பக்கம் தொட்டி மேட்டில் போய் உட்கார்ந்தோம். காதில் மெஷினைத் தொட்டுச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தாள்.

“சொல்லுங்க.”

“ஊசி சரியான எடத்துல எடுத்திருக்குது.”

“அப்ப இருக்குதுங்களா?”

“இருக்குது.”

தொட்டியில் மோட்டார் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் நான் சொன்னது அவள் காதில் விழுந்ததா என்று சந்தேகம் வந்து மறுபடி சொல்ல வாயைத் திறந்தேன். கையைக் காட்டித் தடுத்தாள்.

“நல்லதுங்க. தெரிஞ்சு போச்சு” என்றாள்.

நான் மற்றதையும் சொன்னேன். ஒன்றுதான் இருக்கிறது, சுட்டுவிடலாமாம், அதே மிஷின், அதே டாக்டர். இன்னொரு ஊசி. கடைசி வார்த்தையைச் சொல்லும்போது நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இதுதான் கடைசி என்று அவள் காரில் சொன்னது எனக்கு நினைவிருந்தது. அவளுக்கும் இருந்திருக்கும்.

“ஆரு கையப் புடிச்சுக்குவா?” என்று கேட்டாள்.

“அன்னைக்கு மயக்கம் குடுப்பாங்களோ என்னமோ. இல்லீன்னா நாந்தான்.”

“நீங்கன்னா ஒண்ணு சொல்லோணும்.”

“என்ன?”

“கடைசியா நிறுத்தச் சொன்னப்ப, பத்துத் தட்டுத்தான் தட்டுனீங்க. அப்பறம் உங்க விரலு நின்னு போச்சு. கைய விரிக்கவும் இல்ல, தட்டவும் இல்ல. உடறதா வேண்டாமான்னு தெரியாம நானே மனசுக்குள்ள எண்ணிக்கிட்டுக் கெடந்தேன்.”

நான் பதினைந்து வரை தட்டினேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

“எத்தனை வரைக்கும் எண்ணுன?” என்று கேட்டேன்.

“இருவத்திரண்டு.” சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு எழுந்தாள். “இந்தத் தடவை அந்த டிவியப் பாக்காதீங்க. என்னையப் பாத்துத் தட்டுங்க.”

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, வருகிறோம் என்று சொன்னேன்.